ஒருதலைப் பேனா

தேர்தல் காலம் வந்துவிட்டால் நாட்டில் இரண்டு சரக்குகள் மலிந்துவிடுகின்றன. ஒன்று வாக்குறுதி, மற்றொன்று அபிப்பிராயம். வாக்குறுதியை அபேட்சகர் கொண்டுவருகிறார். அபிப்பிராயத்தை எழுத்தாளர் கொண்டுவருகிறார். முன்னதைப் பற்றி நம் மக்கள் பலமுறை ஏமாந்து ஓரளவு தெளிவடைந்திருக்கின்றனர். தேர்தலுக்கு முதல் வாரம் முளையடித்து அளந்த வீட்டு மனை மறுவாரம் என்னவாகும் என்பதைத் தோட்டத்துச் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் பின்னதைப் பற்றி நமக்கு இன்னும் விழிப்பு உண்டாகவில்லை. மேடையில் பேசியவனைச் சந்தேகிக்கும் நாம், அவன் பேச்சை மறுநாள் எழுதியவனைச் சந்தேகிப்பதில்லை. 'பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே' என்னும் ஒரு வாக்கியத்தில் நம் வழக்குகள் எல்லாம் தீர்ந்துவிடுகின்றன. இந்த நம்பிக்கையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் அளக்கும் கொட்டகையில் நின்றவர் எவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. வாளியில் தண்ணீர் கலந்தாலும் பால் வெள்ளையாகவே இருக்கும். கண்ணுக்குப் பேதம் தெரியாது. அதனாலன்றோ மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதிலுள்ள உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்! தொழிலாளியின் வாளியில் ஒரு கிண்ணம் தண்ணீர் கூடினால் அதைக் கண்டறிய உலகம் ஒரு கருவி செய்து வைத்திருக்கிறது. பத்திரிகையின் பத்தியில் பத்துக் குடம் தண்ணீர் கலந்தாலும் அதைக் கண்டறியக் கருவியில்லை. வாசகரின் புத்தி ஒன்றே கருவி. அந்தப் புத்தியை மழுங்கச் செய்வதையே தொழிலாகக் கொண்ட பேனாக்கள் தேர்தல்தோறும் பெருகி வருகின்றன.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்துவோம். கட்சி சார்ந்து எழுதுவது குற்றமென்று நாம் கூறவில்லை. கொள்கையுடைய மனிதனுக்குக் கட்சியும் உண்டு. 1935-ம் ஆண்டில் கோ. சாரங்கபாணி அவர்கள் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கியபோது, அது தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாகவே வெளிவந்தது. அதை வாங்கியவர்க்கு அது யாருடைய முரசு என்பதில் ஐயமிருக்கவில்லை. விரும்பியவர் வாங்கினர், வெறுத்தவர் விலகினர். அது நேர்மை. கட்சி சார்ந்து எழுதிவிட்டு, அதன் மேல் 'நடுநிலை' என்னும் முத்திரையைக் குத்தி விற்பதையே நாம் குற்றமென்கிறோம். முன்னது வழக்கறிஞர் தொழில். பின்னது நீதிபதியின் அங்கியைத் திருடி அணிந்துகொண்டு ஒரு கட்சிக்காரனுக்காக வாதாடுவது.

பொய்யின்றிப் பொய்க்கும் வித்தை

தேர்தல் காலத்து விமரிசகர் பெரும்பாலும் பச்சைப் பொய் எழுதுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பச்சைப் பொய்க்கு ஆயுள் குறைவு. வழக்கு மன்றமும் உண்டு. அவர் கையாள்வது வேறு வித்தை. உண்மைகளை வரிசையாக நிறுத்தி, தமக்கு வேண்டியதை முன்னே தள்ளி, வேண்டாததைப் பின்னே மறைத்து, இல்லாத ஒரு முடிவை வாசகர் தாமே கண்டதாக எண்ணச் செய்வதே அவ்வித்தை. நம் நாட்டுத் தேர்தல் சரித்திரத்திலிருந்தே இதற்குச் சான்று காட்டுவோம்.

1990-ம் ஆண்டு அக்டோபர் 20, 21 தேதிகளில் நடந்த பொதுத்தேர்தலை முதியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். அம்னோவிலிருந்து பிரிந்து 'செமாங்காட் 46' கட்சியை நடத்திய தெங்கு ரசாலி ஹம்சா, அத்தேர்தலில் அரசாங்கத்தை எதிர்த்து நின்றார். வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன் சபா மாநிலத்தின் பி.பி.எஸ். கட்சி ஆளுங்கூட்டணியை விட்டு அவர் பக்கம் சேர்ந்தது. சபாவுக்குச் சென்றிருந்த தெங்கு ரசாலிக்கு அங்குள்ள கடசான் மக்களின் தலைப்பாகையைச் சூட்டி மரியாதை செய்தார்கள். அத்தலைப்பாகையின் நெசவில் சிலுவை போல் தோன்றும் ஒரு கோலம் இருந்தது. அப்படத்தை எடுத்துக் கொண்டன பத்திரிகைகளும் தொலைக்காட்சியும். இஸ்லாமியத் தலைவர் ஒருவர் சிலுவையைத் தலையில் தாங்கினார் என்னும் பொருள்பட அது நாடெங்கும் பரப்பப்பட்டது.

இதில் பொய் எங்கே? படம் மெய், தலைப்பாகை மெய், கோலமும் மெய். விருந்தினனுக்கு அணிவிக்கும் நாட்டுத் துணி அது என்ற ஒரு வரி மட்டும் விடப்பட்டது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் படம் வெறும் படமாக நின்றிருக்கும். அது இல்லாமையால் ஆயுதமாயிற்று. மறுப்புச் சொல்லி அது மக்கள் செவியை எட்டுமுன் வாக்களிப்பே முடிந்துவிட்டது. ஆளுங்கூட்டணி 180 இடங்களில் 127 பெற்றது. செமாங்காட் 46 பெற்றவை 8. இம்முடிவுக்கு அப்படமே முழுக் காரணம் என்று நாம் கூறினால், நாம் கண்டிக்கும் குற்றத்தை நாமே செய்தவராவோம். காரணங்கள் பல. ஆனால் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தெங்கு ரசாலியின் சொந்த மாநிலமாகிய கிளந்தானில் அவருடைய அணி சட்டமன்ற இடங்கள் 39-ஐயும் கைப்பற்றிற்று. அம்மனிதரை நேரில் அறிந்த ஊரில் படம் தோற்றது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒருதலைப் பேனாவுக்கு விளைநிலம் எது என்பதை இதிலிருந்து உணரலாம். எங்கே வாசகனுக்குச் சொந்த அறிவு இல்லையோ அங்கேதான் அது செழிக்கும்.

எண்ணும் கட்சி மாறும்

படத்தைக் கட்சி சேர்ப்பது எளிது. எண்ணையும் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். 2013-ம் ஆண்டு மே 5-ம் தேதித் தேர்தலைப் பாருங்கள். ஆளுங்கூட்டணி நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் 133 பெற்றது. எதிர்க்கூட்டணி 89 பெற்றது. இது ஓர் உண்மை. அதே தேர்தலில் ஆளுங்கூட்டணிக்கு விழுந்த வோட்டு நூற்றுக்கு 47.38, எதிர்க்கூட்டணிக்கு விழுந்தது 50.87. இது மற்றோர் உண்மை. மறுநாள் முதல் நடந்தது யாது? ஒரு சாரார் பேனா 133-ஐ மட்டுமே எழுதிற்று. மக்கள் தீர்ப்பளித்துவிட்டனர், இனிப் பேச்சில்லை என்றது. மறு சாரார் பேனா 50.87-ஐ மட்டுமே எழுதிற்று; வென்றவர் நாமே, வெற்றி களவாடப்பட்டது என்றது. ஒரே தேர்தல் இரு நாடுகளில் நடந்தது போல் இருந்தது வாசகனுக்கு!

கணக்கெழுதும் தொழிலில் உள்ள நாம் இதனைப் பார்த்து வெட்கப்பட்டோம். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கிராணியை எந்தத் துரையும் ஒரு மாதம் வைத்திருக்க மாட்டார். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, இவை எவ்வாறு ஒருங்கே மெய்யாகும் என்று விளக்குவதன்றோ விமரிசகன் கடமை! விளக்கம் கடினமன்று. நம்மவர் பெருந்தொகையாக வாழும் சிலாங்கூரின் காப்பார் தொகுதியில் அன்று ஏறக்குறைய 1,44,000 வாக்காளர். புத்ராஜெயா தொகுதியில் ஏறக்குறைய 16,000. இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் இடம். காப்பாரில் ஒன்பது பேர் சேர்ந்து தூக்கும் பாரத்தைப் புத்ராஜெயாவில் ஒருவர் தூக்கிவிடுகிறார். வோட்டில் பிந்தியவர் இடத்தில் முந்துவது இதனால் கூடும். இவ்வேற்றத்தாழ்வு நியாயமா என்று ஆளுங்கட்சிப் பேனா கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இவ்விதிகளின் கீழ்த்தான் போட்டி நடக்கிறது என்பதைத் தெரிந்தே களமிறங்கினோம் என்று எதிர்க்கட்சிப் பேனா ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஒப்பவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்ன எழுத்துகள் சில இருந்தன. கூச்சலில் அவை கேட்கவில்லை.

அத்தேர்தல் இரவிலேயே இன்னொரு வித்தையும் அரங்கேறிற்று. அது பெயர் சூட்டும் வித்தை. வெற்றி குறைந்ததற்குக் காரணம் 'சீன சுனாமி' என்றார் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக். மே 7-ம் தேதி 'உத்துசான் மலேசியா' பத்திரிகை, சீனருக்கு இன்னும் என்ன வேண்டும் என்று முதற்பக்கத்திலேயே வினவிற்று. பெயர் சூட்டிவிட்டால் ஆராய்ச்சி வேண்டியதில்லை. நகரத்து வாக்காளர், எவ்வினத்தாராயினும், கிராமத்து வாக்காளரிலிருந்து வேறுபட்டு வாக்களித்தனர் என்று ஆராய்ந்தோர் பலர் பின்னர் எடுத்துக்காட்டினர். ஆனால் சூட்டிய பெயர் சூட்டியதாகவே நின்றுவிட்டது. நாம் கேட்பது வேறொன்று. மலாய்க்காரர் அலை என்றும் சீனர் அலை என்றும் கணக்கெழுதியவர் ஏட்டில், வெயிலில் வரிசை நின்று வாக்களித்த தமிழன் வோட்டு எந்தப் பத்தியில் பதிவாயிற்று?

நம் குற்றமும் ஒன்று

இவ்வளவும் பிறர் குற்றம். இதனை எழுதும் நாம் குற்றமற்றவரோ? அல்லோம். அதையும் சொல்லிவிடுவதே முறை.

அந்த 2013-ம் ஆண்டில் நாம் ஒரு தோட்டத்தில் இளநிலைக் கிராணி. எதிர்க்கூட்டணியின் அனுதாபி. கட்சியை மறைக்கலாகாது என்று பிறர்க்கு விதி கூறும் நாம் அவ்விதியை முதலில் கைக்கொள்ள வேண்டுமாதலால் இதனைக் கூறினோம். ஆங்கிலம் படித்தவர் என்பதனால், மாலை வேளையில் லயத்து முதியோர் சிலர் நம்மிடம் தேர்தல் செய்தி கேட்க வருவதுண்டு. ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் சொல்லுவோம். நமக்கு உகந்த தலைவரின் பேச்சை முழுவதும் சொல்லுவோம். மற்றவர் பேச்சை ஒரு வரியில் முடிப்போம். நம்மவர் செய்த பிழை வரும் பத்தியைக் கண் தாண்டிவிடும். ஒரு சொல்லும் நாம் பொய் சொல்லவில்லை. அதனால் நம் மனச்சாட்சியும் உறுத்தவில்லை.

மூன்றாம் நாள் மாலை, பால் மரம் வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டி கேட்டார்: "கிராணி ஐயா, அந்தக் கட்சிக்காரன் ஒரு நல்ல வார்த்தைகூடவா சொல்லல? இல்ல, சொன்னத நீங்க படிக்கலையா?"

நாம் வாயடைத்துப் போனோம். அவ்வம்மையார் எழுத்தறியாதவர். ஆனால் நாற்பது வருஷம் செக்ரோலில் தம் பெயருக்கு நேரே எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்பதைப் படித்தவன் வாயால் கேட்டே கூலி வாங்கிப் பழகியவர். படிப்பவன் ஒரு நாளை விழுங்கினால் தம் வயிற்றில் ஒரு நாள் குறையும் என்பதை அறிந்தவர். ஆகவே என்ன படித்தான் என்று மட்டும் கேளாமல், எதைப் படிக்காமல் விட்டான் என்றும் கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டம் பெற்ற வாசகர் பலருக்கு இது தெரியாது.

அதைவிடக் கொடிய பிழையும் ஒன்று செய்தோம். அத்தேர்தலில் நாற்பதினாயிரம் அயல்நாட்டாரை விமானத்தில் ஏற்றி வந்து கள்ள வோட்டுப் போடச் செய்கிறார்கள் என்று ஒரு செய்தி பரவிற்று. பரப்பியது நம் பக்கத்தார். வங்காளதேசத்தார் என்று அதற்கு ஓர் ஊரும் சேர்ந்துகொண்டது. அது மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஆனால் வாக்களிப்பு நாளன்று, நிறத்தையும் முகத்தையும் பார்த்து அயலார் என்று ஐயுற்றவரைச் சிலர் மறித்து வினவிய சம்பவங்கள் செய்திகளில் வந்தன. நாமும் அச்செய்தியை லயத்தில் சொன்னோம். நம் தோட்டத்திலேயே, அடுத்த லயத்தில், வங்காளதேசத்துத் தொழிலாளர் சிலர் குடியிருந்தார்கள். மறுநாள் அவர்கள் வேலைக்குப் போகும்போது லயத்துப் பிள்ளைகள் 'கள்ள வோட்டு, கள்ள வோட்டு' என்று கூவினார்கள். அவர்கள் பொருள் தெரியாமல் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நாம் யார்? கப்பலில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 'வந்தேறி' என்ற சொல்லைக் கேட்டு நாம் எத்தனை முறை கொதித்திருக்கிறோம்! அதே சொல்லை வேறு வடிவில், நம்மைப் போலவே கருத்தவனும் நம்மைப் போலவே காடு வெட்ட வந்தவனுமான ஒருவன் மீது எறிந்தோம். ஒரு கட்சி வெல்ல வேண்டும் என்னும் ஆவல் ஒரு மனிதனை எவ்வளவு கீழே இறக்கும் என்பதை நாம் நூலில் படித்து அறியவில்லை.

பேனா யார் கையில்?

இனி, பேனாக்கள் ஏன் சாய்கின்றன என்று பார்ப்போம். எழுதுகிறவன் அயோக்கியன் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது, ஆனால் போதாது. தராசு சாய்ந்தால் தட்டை மட்டும் பார்த்தால் ஆகுமா? அதைப் பிடித்த கையையும் பார்க்க வேண்டும்.

1961-ம் ஆண்டு ஜூலை 21-ம் தேதி 'உத்துசான் மெலாயு' பத்திரிகையின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வுக்காக அன்று. ஆளுங்கட்சியாகிய அம்னோ தங்கள் பத்திரிகையைக் கைக்கொள்ளலாகாது என்பதற்காக. ஆசிரியர் சைட் சஹாரி முன்னின்றார். 93 நாட்கள் நடந்து அது தோற்றது. பத்திரிகை கட்சியின் கைக்குப் போயிற்று. 1977-ம் ஆண்டில் 'தி ஸ்டார்' ஆங்கிலப் பத்திரிகை மலேசிய சீனர் சங்கத்தின் கைக்கு வந்தது. நம் தமிழ்ப் பத்திரிகைகளும் விலக்கல்ல. 1924-ல் தொடங்கிய 'தமிழ் நேசன்', ம.இ.கா.வின் தலைவராக 1979 முதல் 2010 வரை இருந்த ச. சாமிவேலு அவர்களின் குடும்பத்தார் கையில் நெடுங்காலம் இருந்து, 2019-ல் நின்றுபோயிற்று. கட்சிக்குள் பிளவு உண்டானபோதெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகளும் பிளந்து நின்றன. காலையில் எந்தத் தாளை விரிக்கிறான் என்பதைக் கொண்டே ஒருவன் எந்த அணி என்று தோட்டத்தார் சொல்லிவிடுவர்.

உடைமை ஒரு கயிறு. உரிமம் மற்றொரு கயிறு. 1984-ம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி ஒவ்வொரு பத்திரிகையும் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிக்கப்பட்டு, மறு ஆண்டில்தான் அவை மீண்டும் வெளிவந்தன. 2008 ஏப்ரலில், தேர்தல் முடிந்த சூட்டில், 'மக்கள் ஓசை' நாளிதழின் உரிமம் புதுப்பிக்கப்படாமல் நின்று, பிறகு வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012-ல் நீங்கியது. உரிமம் வேண்டும் என்னும் விதி நீங்கவில்லை. கழுத்தில் கயிறு உள்ளவன் குனிந்து எழுதுவதில் வியப்பென்ன?

ஆனால் இவ்வாறு குனிய வைத்தவர்க்காவது நன்மை விளைந்ததா? அதுவுமில்லை. 2007 நவம்பர் 25-ம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான தமிழர் திரண்டனர். எந்த உள்ளக் கொதிப்பு அவர்களைத் திரட்டியது என்பதை அரசாங்கம் தன் பத்திரிகைகளில் படித்திருக்க முடியாது. அவை அதற்கு இனிய செய்திகளையே ஊட்டிக்கொண்டிருந்தன. 2008 மார்ச் 8-ம் தேதி தேர்தல் நடந்தது. ஆளுங்கூட்டணி மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையை இழந்து 140 இடங்களோடு நின்றது. ஐந்து மாநிலங்கள் எதிர்க்கட்சிகளிடம் போயின. சுங்கை சிப்புட்டில் ச. சாமிவேலுவே தோற்றார். இணையத்தில் நடந்த பிரசாரத்தைப் பொருட்படுத்தாதது பெரும் பிழை என்று பிரதமர் அப்துல்லா படாவி அம்மாதமே ஒப்புக்கொண்டார். முகத்துதி செய்யும் பேனா முதலில் ஏமாற்றுவது தன் எஜமானனையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சரி, சட்டத்தால் இதைத் திருத்தலாமா? 2018-ம் ஆண்டு ஏப்ரல் 11-ம் தேதி பொய்ச் செய்தித் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆறு ஆண்டுச் சிறை, ஐந்து லட்சம் வெள்ளி அபராதம் வரை அதில் விதிக்கலாம். அடுத்த மாதம் 9-ம் தேதி தேர்தல்! யார் வாயை அடைக்க வந்த சட்டம் என்பதைப் பாமரரும் உணர்ந்தனர். ஆட்சி மாறி, 2019 இறுதியில் அச்சட்டம் நீக்கப்பட்டது. அது நிலைத்திருந்தாலும் நம் நோய்க்கு மருந்தாகாது. பொய்யைத் தண்டிக்கச் சட்டம் செய்யலாம். பாதி உண்மையைத் தண்டிக்கச் செய்ய முடியாது. மேலும், எது உண்மை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத் தேர்தலில் நிற்கும் ஒரு தரப்பாரிடமே கொடுப்பது, பந்தயத்தில் ஓடுகிறவனிடமே கடிகாரத்தைக் கொடுப்பது போலாகும்.

கயிறுகள் தளர்ந்தால் பேனா நிமிருமென்று நம்பினோம். 2022 நவம்பர் 19-ம் தேதித் தேர்தலில் பதினெட்டு வயதினரும் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தனர். செய்தி கைப்பேசிக்கு வந்துவிட்டது. முதலாளியும் இல்லை, உரிமமும் இல்லை. விளைந்தது என்ன? எவருக்கும் பெரும்பான்மை கிட்டாத நாட்களில், 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி அச்சுறுத்தும் சிறு படங்கள் டிக்டாக்கில் உலவின. போலீசார் எச்சரிக்கை விட நேர்ந்தது. முன்னே ஒருதலைப் பேனா நூற்றுக்கணக்கில் இருந்தது; பின்னே லட்சக்கணக்கில் ஆயிற்று. கயிற்றை அறுத்தல் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது என்பதை இதனால் கற்றோம்.

சாக்குகளும் மறுமொழியும்

ஒருதலைப் பேனாவினர் சொல்லும் சாக்குகள் மூன்று. 'அவனும் அப்படித்தானே எழுதுகிறான்' என்பது முதற் சாக்கு. பக்கத்துத் தோட்டத்துக் கிராணி திருடுகிறான் என்பதனால் நம் செக்ரோலில் பொய் எழுதலாமோ? இரண்டு கோணல்கள் சேர்ந்து ஒரு நேராவதில்லை. வாசகன் இரு பக்கமும் மாறி மாறி இழுபட்டு, எல்லோரும் பொய்யரே என்று எண்ணி, எதையும் நம்பாதவனாகிறான். எதையும் நம்பாதவனை விலைக்கு வாங்குவது எளிது. ஓர் அரிசி மூட்டை போதும்.

'நம் மக்கள் பாமரர்; வழிகாட்டாவிட்டால் தவறிவிடுவர்' என்பது இரண்டாம் சாக்கு. இது படித்தவர் வாயில் அதிகம் வருவது. நாமும் ஒருகாலத்தில் எண்ணியது. கண்ணைக் கட்டிவிட்டுக் கையைப் பிடித்து நடத்துவதற்கு வழிகாட்டல் என்று பெயரில்லை. அந்த மூதாட்டியின் கேள்வியை நினைத்துப் பார்த்தால் யார் பாமரர் என்பது விளங்கும்.

'சமூகம் சிறிது, ஒற்றுமை குலைந்தால் கிடைப்பதும் போய்விடும், ஆகவே குறையை எழுதாதே' என்பது மூன்றாம் சாக்கு. மூன்றிலும் இதுவே நம்மை அதிகம் கெடுத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; லயங்கள் காலியாயின; நகரோரப் புறம்போக்கில் குடியேறியவர்க்கு மனையுமில்லை. இவற்றை எழுதினால் ஒற்றுமை கெடும் என்று எழுதாது விட்டவர், ஒற்றுமையைக் காத்தனரா, தலைவரைக் காத்தனரா? உண்மை தெரிந்தபின் நிற்கும் ஒற்றுமையே ஒற்றுமை. மறைவில் நிற்பது மந்தை.

என் செய்தல் வேண்டும்?

எழுதுவோர்க்கு நாம் கூறுவது நான்கே. உம் கட்சியை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதும். உம்மவர் பிழையை அளக்கும் படிக்கல்லாலேயே பிறர் பிழையையும் அளவும். ஓர் எண்ணை எழுதினால் அதன் துணையெண்ணையும் எழுதும். இடத்தை எழுதினால் வோட்டையும், வோட்டை எழுதினால் தொகுதியையும் எழுதும். தவறினால், எந்தப் பக்கத்தில் எந்த அளவு எழுத்தில் தவறினீரோ அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் திருத்தம் போடும். இவற்றைச் செய்தபின் எக்கட்சிக்கு வேண்டுமாயினும் முழங்கும், கை தட்டுவோம்.

வாசக அன்பர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வாங்குவார் இருக்குமளவும் தண்ணீர்ப் பால் விற்பார் இருப்பர். நமக்கு இனிக்கும் பத்தியை இருமுறை படித்து, கசக்கும் பத்தியைத் தள்ளிவிடுகிறவர் யார்? நாம்தானே! தேர்தல் காலத்தில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்தாளர் என்ன நடக்கும் என்றார், எவரை உத்தமர் என்றார், எவரைத் துரோகி என்றார் என்று தேதியிட்டுக் குறித்து வையுங்கள். தேர்தல் முடிந்து ஓராண்டு கழித்து எடுத்துப் பாருங்கள். நேற்றைய துரோகி இன்றைய உத்தமராக அதே பேனாவில் உலா வருவதைக் காண்பீர்கள். காரணம் மட்டும் எழுதப்பட்டிராது. நம் நாட்டில் பகைத்த கட்சிகள் கூடுவதும், கூடியவை பகைப்பதும் வழக்கமாகிவிட்டமையால் இக்குறிப்பேட்டுக்கு வேலை குறையாது.

அன்றியும், படித்துக் காட்டும் இடத்தில் இருக்கும் நம் போன்றோர், கிராணியாயினும் ஆசிரியராயினும் சங்கச் செயலாளராயினும், இதை மறக்கலாகாது. படிக்கத் தெரிந்தவன் படியாதவனுக்குக் கடனாளி. பத்தியை விழுங்குவது கூலி நாளை விழுங்குவதற்கு நிகர். தோட்டத்துத் தமிழனுக்கு நிலமில்லை. பலருக்குச் சொந்த வீடுமில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையில் கிடைக்கும் ஒரு துண்டுக் காகிதமே அவனுக்குள்ள சொத்து. சிலருக்கு அக்காகிதத்தைப் பெறும் குடியுரிமைப் பத்திரமும் பல்லாண்டு அலைந்து கிடைத்தது. அச்சொத்தை அவன் தன் அறிவால் செலவிட வேண்டும்; நம் ஆசையால் அன்று.

அம்மூதாட்டி இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வி இருக்கிறது. அடுத்த தேர்தல் வரும். பேனாக்கள் மீண்டும் எழும். காலையில் தாளும் கையில் பேசியும் விரியும். அப்போது ஒவ்வொரு வாசகரும், ஒவ்வொரு பத்தியின் முடிவிலும், எழுதியவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "மற்றவன் சொல்லவில்லையா? அல்லது, நீர் படிக்கவில்லையா?" இக்கேள்விக்கு அஞ்சாத பேனாவை மட்டும் ஆதரியுங்கள். அஞ்சி ஒளிவது எக்கட்சிப் பேனாவாயினும், நம் கட்சிப் பேனாவேயாயினும், தள்ளிவிடுங்கள்.